செவியும் பொய் சொல்லும்

பழுதையைப் பாம்பெனக் காண்பதைத் திரிபுக் காட்சி என்பர் நம் அளவை நூலார். கண் மட்டுமன்று, செவியும் திரிபுறும். இரவில் விமானம் செலுத்துவோர் இதனை நன்கறிவர்.

உட்செவியின் அரைவட்டக் குழல்களிலுள்ள திரவம் அசைவதாலேயே நாம் திரும்புவதை உணர்கிறோம். விமானம் சாய்ந்து ஒரே சீராகத் திரும்பிக்கொண்டிருந்தால், அத்திரவமும் சற்று நேரத்தில் குழலின் வேகத்தை அடைந்துவிடும். நேரே செல்கிறோம் என உடல் நம்பும். பகலிலே தொடுவானம் அதனைத் திருத்தும். இரவிலோ கடலும் வானும் ஒரே கருமை. நமது பன்வில மலைச்சாலையில் மூடுபனி கவிந்தால் நின்றுவிடலாம்; வானில் நிற்க இடமேது? ஆகவே, உடலை நம்பாதே, கருவியை நம்பு என்பதே சிறு விமானம் பயில்வோர்க்கும் பாலபாடம்.

கருவியும் பொய்த்தால்? 1978 ஜனவரி 1 இரவு பம்பாயிலிருந்து துபாய்க்குப் புறப்பட்ட எயார் இந்தியா விமானம் இரண்டு நிமிடத்திற்குள் கடலில் வீழ்ந்தது. அதிலிருந்த 213 பேரும் மாண்டனர். தலைமை விமானியின் சாய்வுகாட்டி பழுதாகி வலப்புறச் சாய்வையே காட்ட, அவர் மேலும் மேலும் இடப்புறம் சாய்த்தார் என்றது இந்திய விசாரணை. அருகிலேயே துணை விமானியின் கருவி சரியாகக் காட்டிக்கொண்டிருந்தது.

தன் புலனை ஐயுறுவது அறிவின் தொடக்கம். அருகிருப்பவர் கண்டதையும் கேட்டுத் தெளிவதே அதன் நிறைவு.