படிப்பு எதற்கு?
(மாணவர் கூட்டமொன்றில் செய்த பிரசங்கத்தின் சாரம்)



தலைவர் அவர்கள் எம்மைப்பற்றிச் சொன்ன புகழ்ச்சிகளுக்கு நாம் சிறிதும் உரியவரல்ல. பெரிய படிப்பாளி என்று சொல்லிக்கொள்ளும் யோக்கியதையும் நமக்கில்லை. ஆயினும் படிப்பைப்பற்றிப் பேசவேண்டுமென்று நீங்கள் கட்டளையிட்டிருக்கிறீர்கள். வெறும் புத்திமதி சொல்வதைவிட, உண்மையாகவே படித்த ஒருவருடைய சங்கதியைச் சொல்வது பிரயோஜனமாயிருக்குமென்று கருதி, அமெரிக்காவில் 1910-ல் பிறந்த பாலி முர்ரே அம்மையாரின் மாணவ வாழ்க்கையை உங்கள் முன் வைக்கின்றோம்.

அம்மையார் கறுப்பு வகுப்பைச் சேர்ந்தவர். சிறு வயதிலேயே தாயை இழந்து, வட கரோலினா மாகாணத்தில் பெரியம்மாள் வீட்டில் வளர்ந்தவர். 1933-ல் நியூயார்க்கில் பட்டம் பெற்றார். 1938-ல் சமூக சாஸ்திரத்தில் மேற்படிப்புக்காக வட கரோலினா சர்வகலாசாலைக்கு மனுப்போட்டார். "உமது இனத்தாரை இங்கு சேர்ப்பதில்லை" என்பதாகப் பதில் வந்தது. வேடிக்கையைப் பாருங்கள்! அம்மையாருடைய பாட்டியார் ஓர் அடிமைப் பெண்ணுக்கும் எஜமானன் வீட்டு மகனுக்கும் பிறந்தவர். அந்த எஜமானன் அதே சர்வகலாசாலையின் நிர்வாகிகளில் ஒருவராயிருந்தவர். அவருடைய மகளோ அதற்குத் தன் நிலத்தையே எழுதி வைத்தவள். அக்குடும்பத்தின் நிலம் வேண்டும், பணம் வேண்டும், ஆனால் அதே இரத்தத்தில் பிறந்த பெண் மாத்திரம் வேண்டாமென்றால், இதற்கு நியாயம் எந்த சாஸ்திரத்தில் இருக்கின்றது?

பிறகு 1941-ல் வாஷிங்டனிலுள்ள ஹோவர்டு சர்வகலாசாலையில் சட்டம் படிக்கச் சேர்ந்தார். அது கறுப்பு மக்களுக்காகவே ஏற்பட்ட ஸ்தாபனம். அங்காவது சமத்துவம் கிடைத்ததா? வகுப்பில் அவர் ஒருவரே பெண். பெண்கள் சட்டம் படிக்க ஏன் வருகிறார்களென்று தமக்கு விளங்கவில்லை என்று முதல் நாளிலேயே ஓர் ஆசிரியர் சொல்ல, ஆண் பிள்ளைகள் சிரித்தார்கள். நிறத்தால் தாழ்த்தப்பட்டவர்களே பெண்ணைத் தாழ்த்தத் தயங்கவில்லை என்பதை அம்மையார் அன்று கண்டுகொண்டார். நம் நாட்டிலும், தனக்கு மேலிருப்பவனைத் திட்டுகிறவன் தன் வீட்டுப் பெண்ணைப் பற்றி யோசித்துப் பார்ப்பதுண்டா என்று உங்களையே கேட்கின்றோம்.

அந்தச் சிரிப்புக்கு அவர் சொன்ன பதில் என்ன? கடைசி வருஷத்தில் மாணவர் நீதிமன்றத்தின் பிரதம நீதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1944-ல் வகுப்பிலேயே முதலாவதாகத் தேறினார். இதற்கிடையில், கறுப்பருக்குச் சாப்பாடு போட மறுத்த ஓட்டல்களுக்கு எதிராக 1943-லும் 1944-லும் மாணவர்கள் நடத்திய கிளர்ச்சிக்குச் சட்ட யோசனை சொல்லி முன்னின்றார். மாணவர்கள் வெறுந்தட்டுடன் மேசையில் உட்கார்ந்து, பேசாமல் புத்தகம் படித்துக்கொண்டிருந்தார்கள். அடிதடியில்லை, கூச்சலில்லை. முதல் ஓட்டல் இரண்டொரு நாளில் இணங்கியது. இரண்டாவது அன்றைக்கே சாப்பாடு போட்டது. ஆனால் சர்க்கார் மான்யம் போய்விடுமோவென்று பயந்து, கிளர்ச்சியை நிறுத்தும்படி சர்வகலாசாலையாரே உத்தரவிட்டார்கள்! எதிரியின் கதவைவிட நம்மவரின் பயம் உறுதியானது என்பதற்கு இது ஒரு பாடமாகும்.

அவருடைய ஆராய்ச்சி எதைப்பற்றி? "தனித்தனியே, ஆனால் சமமாக" வைக்கலாமென்று 1896-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லியிருந்தது. மற்ற வக்கீல்கள், "சமமாக இல்லையே" என்று வழக்காடினார்கள். அம்மையாரோ, பிரித்து வைப்பதே அநியாயம் என்று வாதிக்கவேண்டுமென்றார். கூடப் படித்தவர்கள் சிரித்தார்கள். இருபத்தைந்து வருஷத்திற்குள் அத்தீர்ப்பு கவிழும் என்று ஆசிரியர் ஒருவரிடம் பத்து டாலர் பந்தயம் கட்டி, அதையே கட்டுரையாகவும் எழுதிக் கொடுத்தார். பத்து வருஷத்திலேயே, 1954-ல், பள்ளிக்கூடங்களில் பிரித்து வைப்பது செல்லாதென்று தீர்ப்பாயிற்று. அவ்வழக்கிற்குத் தயார் செய்கையில் அந்த ஆசிரியரே அக்கட்டுரையை எடுத்து உபயோகித்தார் என்பது அம்மையாருக்குப் பல வருஷம் கழித்தே தெரியவந்தது.

முதலாவதாகத் தேறியவர் மேற்படிப்புக்கு ஹார்வர்டு செல்வது வழக்கம். உபகாரச் சம்பளமும் கிடைத்தது. ஆனால் பெண்ணென்று ஹார்வர்டு தள்ளிவிட்டது. முன்பு நிறம், இப்போது பால். அவர் கலிபோர்னியாவுக்குப் போய், வேலையில் சமசந்தர்ப்ப உரிமை என்பதை ஆராய்ந்து 1945-ல் மேல்பட்டம் பெற்றார். அத்துடனும் நிற்கவில்லை. ஐம்பத்தைந்து வயதை நெருங்கியபோது, 1965-ல், யேல் சர்வகலாசாலையில் சட்ட டாக்டர் பட்டம் பெற்றார். அங்கு அப்பட்டம் பெற்ற முதல் கறுப்பர் அவரே. பெண்ணடிமைச் சட்டமும் நிற அடிமைச் சட்டமும் ஒரே வேரில் முளைத்தவை என்று அவ்வருஷமே எழுதினார். சொத்து நிர்வாகத்தில் ஆணுக்கே முதலிடம் கொடுத்த ஒரு மாகாணச் சட்டம் 1971-ல் சுப்ரீம் கோர்ட்டில் செல்லாதாயிற்று. அவ்வழக்கின் வாதப் பத்திரத்தில், கைம்மாறாக, ரூத் பேடர் கின்ஸ்பர்க் அம்மையார் இவருடைய பெயரையும் சேர்த்தார்.

1978-ல் வட கரோலினா சர்வகலாசாலை கௌரவப் பட்டம் கொடுக்க வந்தது. நிறபேதத்தை ஒழிக்கும் ஏற்பாட்டுக்கு அச்சர்வகலாசாலை இன்னும் முரண்டு செய்கிறதென்று கண்டு, வேண்டாமென்று சொல்லிவிட்டார். தமக்குக் கிடைத்தால் போதுமென்று நினைக்கிறவர் செய்யும் காரியமா இது?

மாணவர்களே! பட்டம் வாங்குவது உத்தியோகத்திற்கும் கலியாணச் சந்தைக்குந்தான் என்றால், அதற்கு இத்தனை புத்தகம் வேண்டியதில்லை. உங்களை எந்தக் கதவு தடுக்கிறதோ அதையே ஆராய்ச்சிப் பொருளாக எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் நுழைந்தபிறகு அக்கதவைச் சாத்திவிடாதீர்கள். பக்கத்துப் பெஞ்சிலிருக்கும் பெண்ணைப் பார்த்துச் சிரிக்குமுன், பந்தயத்தில் யார் ஜெயித்தார்கள் என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொண்டு, இவ்வளவுடன் முடித்துக்கொள்ளுகின்றோம்.