மணக்கோலத்தில் போருக்குச் சென்ற மகபத்கான்

தம்முடையதல்லாத ஒரு போருக்கு, கூலியை எதிர்பாராமலும் எவருடைய கட்டாயமும் இன்றியும் தாமாகவே சென்று சேர்வோரைத் தன்னார்வப் போர்வீரர் என்பர். 1936 முதல் 1939 வரை ஸ்பெயினில் நடந்த உள்நாட்டுப் போரில், குடியரசு ஆட்சியைக் காப்பதற்காக ஏறத்தாழ 35,000 பேர் பல நாடுகளிலிருந்து அவ்வாறு சென்று, பன்னாட்டுப் படையணிகள் எனப்பட்ட பிரிவுகளில் சேர்ந்தனர். அவர்களுள் யூதர் பலர் இருந்தனர். தம் இனத்தை ஒடுக்கிய ஹிட்லரே கலகத் தளபதி பிராங்கோவுக்குப் படை உதவி அனுப்பியதால், அக்களத்தைத் தம் களமாகவே அவர்கள் கருதினர். 1937 டிசம்பரில், போலந்து நாட்டவர் மிகுந்திருந்த தொம்ப்ரொவ்ஸ்கி படையணியில், 1925இல் மரண தண்டனை பெற்ற நப்தாலி போட்வின் என்னும் இளம் யூதப் பொதுவுடைமையாளரின் பெயரால் தனி யூதக் கம்பெனி ஒன்றும் அமைந்தது.

நேயர்கள் நன்கறிந்த செஞ்சிக் கோட்டையிலும் இத்தகைய வீரர் ஒருவரைக் காணலாம். முகலாயப் பேரரசர் அவுரங்கசீப்பின் காலத்தில் செஞ்சிக்குக் கோட்டைத் தலைவராக அமர்த்தப்பட்ட சொரூப்சிங் என்னும் புந்தேல ராஜபுத்திரர் இறந்தபின், அவருடைய மகன் தேஜ்சிங் வடக்கேயிருந்து வந்து 1714இல் பொறுப்பேற்றார். தமிழ் மக்கள் நாவில் தேசிங்கு ராஜன் ஆனவர் இவரே. செலுத்தாத வரிப்பாக்கியைக் கேட்டு ஆற்காட்டு நவாபு சாதத்துல்லாகான் பெரும்படையோடு வந்தபோது, இருபதைச் சற்றே கடந்திருந்த அந்த இளைஞர் பணிய மறுத்தார். இரு தரப்பினரும் தில்லிப் பேரரசின் ஆணைக்குட்பட்டவர்களே ஆதலால், இதுவும் ஒருவகை உள்நாட்டுப் போரே.

இப்போரில் நவாபுக்கும் தேசிங்குக்கும் வரியும் கோட்டையும் காரணங்களாக இருந்தன. ஆனால் எக்காரணமும் இல்லாத ஒருவர் அக்களத்தில் நின்றார். அவரே, தேசிங்கு ராஜன் கதைப்பாடலில் மோவுத்துக்காரன் என வழங்கப்படும் மகபத்கான். கதைப்பாடல் என்பது, நிகழ்ந்த வரலாற்றோடு மக்களின் கற்பனையும் கலந்து, பாடகர்கள் வாய்மொழியாகப் பாடி வளர்த்த நெடும்பாட்டு. எனவே அதன் ஒவ்வொரு நிகழ்ச்சியையும் வரலாறாகக் கொள்ள இயலாது. அக்கதையின்படி, வழுதாவூரில் மகபத்கானுக்குத் திருமணம் நடந்துகொண்டிருந்த வேளையில் நண்பன் தேசிங்கின் ஓலை வந்து சேர்கிறது. அவர் மணவினையைப் பாதியில் நிறுத்திவிட்டு, நீலவேணி என்னும் குதிரை மீதேறிச் செஞ்சிக்கு விரைகிறார். நவாபும் அவரும் ஒரே சமயத்தவர். தேசிங்கோ சிங்கவரம் அரங்கநாதரை வழிபட்டவர். ஆயினும் எந்தப் பக்கம் நிற்பது என்ற தயக்கம் மகபத்கானுக்கு எழவேயில்லை. கதையைக் கேட்டு வளர்ந்த மக்களும் அதை ஒரு வியப்பாகக் கருதாமல், நட்பின் இயல்பாகவே ஏற்றுக்கொண்டனர். இக்கதைப்பாடலின் உயிர்ப்பகுதி இதுவே என்று துணிந்து சொல்லலாம். ஸ்பெயினுக்குச் சென்றோரை ஒரு கொள்கை அழைத்தது. வழுதாவூர்க்காரரை அழைத்ததோ ஒரே ஒரு மனிதரின் ஓலை.

1714 அக்டோபர் 3ஆம் நாள், தேவனூருக்கு அப்பால் கடலி என்னும் இடத்தில் நடந்த போரில், மிகச் சிறிய படையோடு பொருத தேசிங்கு வீழ்ந்தார். நண்பரும் அங்கேயே மாண்டார் என்கிறது கதை. தேசிங்கின் உடல் செஞ்சியிலுள்ள செட்டிகுளக் கரையில் எரியூட்டப்பட, அவர் மனைவி உடன்கட்டை ஏறினார். அம்மனைவியின் நினைவாகவே நவாபு ராணிப்பேட்டையை அமைத்தார் என்பர். மகபத்கானின் அடக்கம் நீலாம்பூண்டியில் உள்ளதாக அப்பகுதி மக்கள் போற்றி வருகின்றனர்.

செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலைப் படிகளில் ஏறிக் களைத்துத் திரும்பும் நேயர்கள், அன்றே ஊர் செல்ல விரையாமல், நீலாம்பூண்டிக்கும் ஒருமுறை சென்று வர வேண்டும்.