சுவாமிமலைப் பட்டறைகள்

மலேசியாவிலிருந்து தமிழகத்துக்குத் தல யாத்திரை செல்வோர், கும்பகோணத்தை அடுத்த சுவாமிமலையில் 60 படிகளேறி முருகப்பெருமானைத் தரிசித்ததும் அடுத்த தலத்திற்கு விரைந்துவிடுவர். உற்சவ மூர்த்திகள் உருவாகும் பட்டறைகள் அவ்வூர்த் தெருக்களிலேயே இருக்க, அவற்றுள் நுழைவோர் சிலரே.

அங்கே தென்னை ஓலையை மடித்துத் தாள அளவு குறிக்கும் ஸ்தபதியைக் காணலாம். தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து திருவுருவத்தை முதலில் மெழுகிலேயே சமைக்கிறார். அதன்மீது காவிரி வண்டல் மண்ணைப் பூசி உலர்த்துவர். சூடேற்றினால் மெழுகு உருகி வெளியேறும். அவ்வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை வார்ப்பர். ஐம்பொன் என்று பெயரே தவிர, பெரும்பங்கு செம்புதான். பொன்னும் வெள்ளியும் மிகச் சிறிதளவே. ஆறியபின் மண் அச்சை உடைத்தே மூர்த்தியை வெளியே எடுக்கவேண்டும். ஆகவே ஓர் அச்சுக்கு ஒரு திருமேனிதான். உலோகம் சரிவர ஓடாது போயின் மெழுகுருவும் இல்லை, அச்சும் இல்லை. மீண்டும் ஓலையிலிருந்தே தொடங்கவேண்டும். நன்கு வார்ப்பாயினும் உளிவேலை பல நாள் நீளும்.

கும்பாபிஷேக நாளைக் குறித்துவிட்டுப் பிறகு மூர்த்திக்குச் சொல்லியனுப்பும் நிர்வாகத்தினர், தாமதமென்று ஸ்தபதியைக் கடிந்துகொள்வதுண்டு. அவர்களுள் ஒருவரேனும் அப்பட்டறையில் ஒரு பகற்பொழுது அமர்ந்திருந்தால், ஸ்தபதியிடம் நாள் கேட்டறிந்த பின்னரே அழைப்பிதழை அச்சுக்குக் கொடுப்பார்.