மறிக்கப்பட்ட வண்டியும் பொலிஸ் பலமும்

பொலிஸார் கை காட்டியும் வண்டியை நிறுத்தாமல் போவது இலங்கையில் ஒரு போக்குவரத்துக் குற்றம். அதற்கு வழக்கும் தண்டப்பணமும் உண்டு. துப்பாக்கிச் சூடு கிடையாது. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 23ஆம் பிரிவு, கைதுக்கு இணங்காதவர்மீது தேவையான அளவு பலத்தைப் பயன்படுத்த இடமளிக்கிறது. மரண தண்டனைக்குரிய குற்றம் சாட்டப்படாத ஒருவரின் உயிரைப் போக்கும் உரிமையை அது தரவில்லை. தப்பியோடும் வண்டியின் இலக்கத்தைக் குறித்துக்கொண்டு அடுத்த பொலிஸ் நிலையத்துக்கு அறிவித்தாலே போதும். ஹட்டன், பத்தனை, தலவாக்கலை என்று வரிசையாக நிலையங்கள் உள்ள திம்புள்ளைப் பகுதியின் ஏ7 வீதியில், ஒரு பக்கம் மலையும் மறுபக்கம் பள்ளமுமாக இருக்க, ஒரு கொழுந்து லொறி எவ்வளவு தூரம் ஓடிவிட முடியும்?

2016 ஒக்டோபர் 20 இரவு, யாழ்ப்பாணம் கொக்குவில் குளப்பிட்டியில் மோட்டார் சைக்கிளில் சென்ற இரண்டு பல்கலைக்கழக மாணவர்கள் இறந்தனர். விபத்து என்றே முதலில் சொல்லப்பட்டது. பிரேதப் பரிசோதனையில் துப்பாக்கிக் காயம் தெரியவந்த பிறகுதான் பொலிஸார் ஐவர் கைதாகினர். 2021 மார்ச்சில் பன்னிப்பிட்டியில், மகரகம போக்குவரத்துப் பொலிஸ் பொறுப்பதிகாரியை மோதிய லொறியின் சாரதி வீதியில் விழுந்து கிடக்க, சீருடை அணிந்த ஒருவர் அவர்மீது ஏறிக் குதித்தார். அந்தக் காணொளி நாடெங்கும் பரவியது; குதித்த பொலிஸ்காரர் பணி இடைநிறுத்தப்பட்டுக் கைதானார். 2024 ஜனவரி 18 அன்று நாரம்மலையில், சிவில் உடையிலிருந்த பொலிஸார் மறித்த லொறியின் சாரதி சூடுபட்டு இறந்தார். துப்பாக்கி தவறுதலாக வெடித்ததாகப் பொலிஸ் தரப்பு கூறியது. உப பொலிஸ் பரிசோதகர் ஒருவர் கைது செய்யப்பட்டார்.

குளப்பிட்டியில் உண்மையை வெளியே கொண்டுவந்தது சட்ட வைத்தியம். பன்னிப்பிட்டியில் ஒரு கைப்பேசி. இரண்டும் இல்லாத இடத்தில் பொலிஸ் பதிவேட்டில் எழுதப்பட்டதே வரலாறாகிவிடும். இரவில் ஆளரவமற்ற தேயிலை மலையோரத்தில் அடிவாங்கும் ஓட்டோச் சாரதிக்குச் சாட்சியாகத் தன் உடம்பைத் தவிர வேறொன்றும் இருப்பதில்லை. ஆகவே அவர் அன்றே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போய், அடித்தது யார், எதனால் அடித்தார் என்பதை டொக்டரிடம் சொல்லிப் பதியச் செய்வது மிக முக்கியம். ஆறிப்போன கன்றலை எந்தச் சட்ட வைத்திய அதிகாரியாலும் படிக்க முடியாது. சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தில் வாசிக்கத் தெரியாமலே கையெழுத்து வைப்பது மலையகத்தின் நெடுநாள் குறை. தமிழில் வாக்குமூலம் கொடுக்க அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயம் உரிமை தந்திருக்கும்போது, அந்தக் குறை இன்னும் நீடிப்பது அநீதி.

சித்திரவதையை அரசியலமைப்பின் 11ஆவது உறுப்புரை முற்றாகத் தடுக்கிறது. 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அதற்குக் குறைந்தது ஏழு ஆண்டுச் சிறை. அடிப்படை உரிமை மனுவை ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். நாட்கூலியில் வாழும் குடும்பத்துக்குக் கொழும்புக்குப் போய்வரவே அந்த மாதம் போதாது. ஆனால் அதே மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது.