வழு கண்டவர் எழுதிய கடிதம்

தமிழ் இலக்கண நூலார் சொல்லிலும் பொருளிலும் நேரும் தவறுகளை வழு என்றனர். அவற்றுட் சிலவற்றைப் பயன் நோக்கி வழுவமைதி என ஏற்றுக்கொண்டனர். கணினி நிரலில் நேரும் பிழைக்கும் இக்காலத் தமிழர் அப்பழஞ் சொல்லையே வழங்குகின்றனர். ஆயின் இயந்திரத்துக்கு வழுவமைதி தெரியாது. பிழையாகச் சொன்னதைப் பிழையாகவே செய்து முடிப்பது அதன் இயல்பு. ஆகவே வழுவைக் கண்டவர் அதனை ஆக்கியோருக்கு அறிவித்தல் வேண்டும். திருத்தியவர் திருத்தத்தைப் பயன்படுத்துவோருக்கு அறிவித்தல் வேண்டும். கேட்பதற்கு எளியனவான இவ்விரு காரியங்களும் எத்துணை அரியன என்பதற்கு லினக்ஸ் இயங்குதளத்தின் தொடக்க ஆண்டுகள் சான்றாகும்.

1991 ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்டது இயங்குதளத்தின் கருவை மட்டுமே. கருவோடு பிறர் ஆக்கிய நிரல்கள் பலவற்றையும் சேர்த்தாலன்றி அது பயன்படாது. அவ்வாறு சேர்த்துத் தருவதே தொகுப்பு எனப்படும். 1992 இல் பீட்டர் மக்டொனால்ட் என்பவர் அமைத்த எஸ்.எல்.எஸ். என்னும் தொகுப்பு விரைவிற் பெரும் புகழ் பெற்றது. நெகிழ்வட்டுகளிற் படியெடுக்கப்பட்டுக் கைமாறிச் சென்ற அத்தொகுப்பில் வழுக்களும் மலிந்திருந்தன. இங்கே ஒரு சிக்கலைக் கவனித்தல் வேண்டும். ஒரு நிரல் இயங்க மறுத்தால், குற்றம் கருவை எழுதியவருடையதா, நிரலை எழுதியவருடையதா, இரண்டையும் சேர்த்துக் கட்டியவருடையதா? பயன்படுத்துவோருக்கு அது விளங்காது. எங்கோ ஒருவருக்கு முறையீடு எழுதுவர், மறுமொழி வாராது. அம்முறையீடு போய்ச் சேர்ந்ததா என்பதும் தெரியாது. அதே வழுவைக் கண்ட வேறொருவரும் அதையே மீண்டும் எழுதிக்கொண்டிருப்பார்.

இக்குறையிலிருந்து இரண்டு தொகுப்புகள் பிறந்தன. பற்றிக் வொல்கெர்டிங் என்னும் அமெரிக்க மாணவர் எஸ்.எல்.எஸ். தொகுப்பின் பிழைகளைத் தாமே திருத்தி, 1993 ஜூலையில் ஸ்லாக்வெயர் என வெளியிட்டார். அடுத்த மாதம், இண்டியானா மாநிலத்துப் பேர்டூ பல்கலைக்கழக மாணவரான இயன் மர்டொக் வேறு வழியைத் தேர்ந்தார். ஒருவர் தனியே கட்டும் தொகுப்பு எந்நாளும் இவ்வாறே முடியும் எனக் கருதிய அவர், பலர் கூடிப் பொறுப்பைப் பகிர்ந்துகொள்ளும் ஒரு முயற்சியை அறிவித்தார். தம் பெயரையும் டெப்ரா என்னும் தம் தோழியின் பெயரையும் இணைத்து அதற்கு டெபியன் என்று பெயரிட்டார்.

பலர் கூடினால் மட்டும் போதுமா? முறையீட்டைப் பெற்றுக்கொள்ள ஓர் ஏடு வேண்டும் அன்றோ? 1994 இல் இயன் ஜாக்சன் என்னும் ஆங்கிலேயர் அவ்வேட்டை அமைத்தார். அதன் நடைமுறை ஒரு நல்ல அஞ்சலகத்தை ஒத்தது. வழுக் கண்டவர் மின்னஞ்சலில் ஒரு கடிதம் எழுதுவார். எந்த நிரற்பொதி, அதன் எத்தனையாம் பதிப்பு என்னும் இரண்டையும் கடிதத்தின் தொடக்க வரிகளில் குறித்தல் வேண்டும். இது வெறுஞ் சடங்கன்று. பதிப்பெண் இல்லாத முறையீடு, நோயாளியின் பெயரில்லாத மருத்துவச் சீட்டைப் போன்றது. பழைய பதிப்பில் திருத்தப்பட்டுவிட்ட வழுவைத் தேடிப் புதிய பதிப்பில் ஒருவர் நாட்கணக்கில் அலையக்கூடும். கடிதம் வந்ததும் இயந்திரமே அதற்கு ஓர் எண்ணை இடும். எழுதியவருக்கு ஒப்புகை அனுப்பும். அப்பொதிக்குப் பொறுப்பானவரிடம் கடிதத்தைச் சேர்ப்பிக்கும். பொறுப்பாளர் வழுவைத் திருத்தி அந்த எண்ணை மூடும்போது, அதற்கென அவர் எழுதும் விளக்கம் முறையிட்டவரிடம் போய்ச் சேரும். அவ்விளக்கம் மனநிறைவு தராவிடில் அவர் மீண்டும் எழுதலாம். ஊதியம் பெறாது உழைக்கும் தன்னார்வலரும், முகமறியாத பயனாளரும் ஒருவரையொருவர் நம்புதற்கு இதனினும் சிறந்த வழி அன்று இருந்ததில்லை எனலாம்.

மறுபுறத்து அறிவிப்பு, அதாவது ஆக்கியோர் பயனாளருக்குச் சொல்லவேண்டியது, அத்துணை எளிதில் அமையவில்லை. 1995 ஆம் ஆண்டின் இறுதியில் இன்ஃபோமாஜிக் என்னும் இறுவட்டு நிறுவனம், ஆக்க நிலையிலிருந்த ஒரு படியைத் தவறுதலாக டெபியன் 1.0 எனப் பெயரிட்டு விற்பனைக்கு விட்டது. அக்காலத்தில் லினக்ஸ் நிரல்கள் ஒரு கோப்பு வடிவத்திலிருந்து எல்ஃப் என்னும் மற்றொரு வடிவத்துக்கு மாறிக்கொண்டிருந்தன. அந்தப் படியோ பாதி மாறியும் பாதி மாறாமலும் இருந்தது. அது ஒழுங்காகத் தொடங்குமா என்பதே ஐயம்.

டெபியன் குழுவினர் முன் இரண்டு வழிகள் இருந்தன. குறையை மறைத்து, செம்மையான 1.0 பதிப்பைச் சில மாதங்களின் பின் அதே பெயரில் வெளியிடலாம். அப்படிச் செய்திருந்தால், 1.0 எனக் குறித்து ஒருவர் எழுதும் முறையீடு எந்த 1.0 பற்றியது என எவராலும் சொல்ல இயலாது போயிருக்கும். அவர்கள் அதனைச் செய்யவில்லை. 1995 டிசெம்பர் 11 ஆம் நாள் நிறுவனமும் குழுவும் இணைந்து உண்மையை அறிவித்தன. இறுவட்டில் இருப்பது வெளியீடன்று, முற்றுப்பெறாத படி எனப் புரூஸ் பெரென்ஸ் வெளிப்படையாக விளக்கினார். அடுத்த வெளியீட்டின் எண்ணும் மாற்றப்பட்டது. 1996 ஜூன் 17 இல், 474 பொதிகளுடன், முற்றிலும் எல்ஃப் வடிவத்தில் வெளிவந்தது டெபியன் 1.1 ஆகும். டெபியன் வெளியீட்டுப் பட்டியலில் 1.0 என்னும் எண் இன்றளவும் இல்லை. முதலாவது என்னும் பெருமையை ஓர் எண்ணோடு விட்டுக்கொடுத்தது சிறு காரியமன்று; வாணிக நிறுவனங்கள் பலவற்றுக்கு அது கைவந்திராது.

1997 ஜூலையில் இக்குழுவினர் ஒரு சமூக உடன்படிக்கையை ஏற்றுக்கொண்டனர். குறைகளை மறைக்கமாட்டோம் என்பதும், வழுப் பதிவேடு முழுவதும் எப்பொழுதும் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்திருக்கும் என்பதும் அதன் உறுதிமொழிகளுள் அடங்கும். தம் வீட்டு ஒழுக்குகளைத் தெருவோருக்குக் காட்டும் செயல் இது என ஒருவர் நகைக்கலாம். ஆயின் எந்த இடத்தில் ஒழுகும் என அறிந்தவரே பாத்திரத்தை அங்கே வைக்க முடியும்.

ஜாக்சன் தொடக்கிய அப்பதிவேடு பின்னர்ப் பலராலும் விரிவாக்கப்பட்டு இன்றும் வழக்கில் உள்ளது. 2021 ஆம் ஆண்டில் அதன் வரிசை எண் பத்து இலட்சத்தைத் தொட்டது. இன்னும் மூடப்படாத பழைய கடிதங்களும் அதில் உள. அவற்றையும் எவரும் எடுத்துப் படிக்கலாம்.