கேள்வியை மாற்றிக் கேட்கப் படிப்போம்

(அனலைதீவில் நடந்த மாணவர் சந்திப்பில், எங்கள் சங்கக் கல்விக் குழுவின் சார்பில் ஆற்றிய உரை.)



மலையிலிருந்து ஓர் இரவும் பகலும் பயணம் செய்து, ஊர்காவற்றுறையில் படகேறி உங்களிடம் வந்திருக்கிறோம். எங்களுக்குக் கொழுந்து, உங்களுக்குக் கடலும் பனையும். ஆனால் இரண்டு இடத்துப் பிள்ளைகளிடமும் ஒரே பேச்சைத்தான் கேட்கிறோம்: "கலைப்பிரிவுதான் கிடைத்தது. சமூகவியலை எடுத்து என்ன செய்யப்போகிறோம்?"

உண்மையை மறைக்கமாட்டோம். பட்டம் வாங்கியதும் வேலை வீட்டு வாசலுக்கு வராது. வேலை கேட்டு வீதியில் அமர்ந்த பட்டதாரிகளை இந்த நாடே பார்த்திருக்கிறது. ஆனாலும் இந்தப் பாடம் எங்களுக்கு என்ன செய்தது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

2021 மார்ச்சில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1000 ரூபாய் என்று வர்த்தமானி வந்தது. சந்தோசப்பட்டோம். பிறகு பல தோட்டங்களில் பறிக்கவேண்டிய கிலோ கூடியது. குறைந்தால் அரைப்பேர். நாங்கள் பேசப் போனபோது, "உங்கள் ஆட்கள் ஒழுங்காக வேலைக்கு வருவதில்லை" என்றார்கள். எங்களிடம் கோபம் இருந்தது, கணக்கு இல்லை.

அந்த நேரம் கம்பஸில் சமூகவியல் படித்த எங்கள் தோட்டத்துப் பிள்ளை ஒருத்தி விடுமுறைக்கு வந்திருந்தாள். லயம் லயமாகப் போனாள். "ஏன் வேலைக்குப் போகவில்லை?" என்று அவள் கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் எல்லோரும் தலையைக் குனிவார்கள். "போன மாதம் எந்தெந்த நாள் பேர் விழவில்லை? அன்றைக்கு என்ன நடந்தது?" என்று கேட்டாள். பிள்ளைக்குக் காய்ச்சல், கிளினிக் நாள், குழாயில் தண்ணீர் வராத நாள், பெரட்டுக்குப் போயும் வேலை கொடுக்காத நாள் என்று பதில்கள் வந்தன. எல்லாவற்றையும் கொப்பியில் எழுதினாள். அடுத்த பேச்சுவார்த்தைக்கு அந்தக் கொப்பியோடு போனோம். எல்லாம் கிடைக்கவில்லை. ஆனால் "சோம்பேறிகள்" என்ற சொல் அந்த மேசையில் மறுபடி வரவில்லை.

சமூகவியல் சொல்லித்தருவது இதைத்தான். குற்றம் ஆளிடமா, அந்த ஆள் வாழும் ஏற்பாட்டிலா என்று பிரித்துப் பார்ப்பது. உங்கள் தீவிலும் அப்படித்தான். பிள்ளை ஏன் படிப்பில் பின்தங்கினான் என்று கேட்பதற்கு முன், கடல் கொந்தளித்த நாட்களில் படகு ஓடியதா, ஆசிரியர் வந்து சேர்ந்தாரா என்று கேட்டுப் பாருங்கள்.

இந்தப் பாடம் எங்கள் மண்ணுக்குப் புதிதல்ல. 1929இல் இலங்கையில் பிறந்த தமிழர் ஸ்டான்லி ஜெயராஜா தம்பையா, இலங்கைப் பல்கலைக்கழகத்தில் படித்து, அங்கேயே கற்பித்து, பின்னர் ஹாவர்ட் பேராசிரியரானவர். 1957இல் என். கே. சர்க்காருடன் சேர்ந்து கண்டிப் பக்கத்துச் சிங்களக் கிராமங்களின் காணியற்ற ஏழைகளைப் பற்றி ஆய்வு நூல் வெளியிட்டார். அதற்கு முந்திய ஆண்டு சிங்கள, தமிழ் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு கல்லோயாக் குடியேற்றங்களுக்கு ஆய்வுக்குப் போனபோது, அங்கே இன வன்செயல் வெடித்தது. நாட்டின் நோயை அந்த மாணவர்கள் புத்தகத்தில் அல்ல, நேரிலேயே கண்டார்கள்.

ஒன்றை மனம் நோகாமல் கேளுங்கள். 1977க்கும் 1983க்கும் பிறகு எங்கள் சனம் அடிபட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் ஓடிவந்தது. பலர் இன்னமும் சொந்தக் காணி இல்லாமல் கூலிக்குப் போகிறார்கள். எங்கள் பிள்ளைகள் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் வீட்டு வேலைக்கு நின்றிருக்கிறார்கள். அவர்களை எப்படி அழைத்தோம், எந்தத் தட்டில் சோறு போட்டோம் என்பதும் சமூகவியல் கேள்விதான். எங்களுக்குள்ளும் சாதி இருக்கிறது. லயத்திலே குடித்துவிட்டு மனைவியை அடிக்கிறவனும் இருக்கிறான். அடுத்தவன் வீட்டைக் கேட்பவர்கள் தம் வீட்டையும் கேட்கவேண்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கம்பஸ் போகும் பிள்ளைகளே, இறுதி வருட ஆய்வை உங்கள் சொந்த ஊரைப் பற்றியே எழுதுங்கள். எழுதியதை நூலகத்தில் வைப்பதோடு விட்டுவிடாதீர்கள். பதில் சொன்ன அம்மாமாரிடம் திரும்பி வந்து, லயத்து வாசலிலோ இறங்குதுறையிலோ உட்கார்ந்து வாசித்துக் காட்டுங்கள். பிழை இருந்தால் அவர்கள் திருத்துவார்கள். அந்தத் திருத்தத்துக்குப் பிறகுதான் அது எங்கள் எல்லோருக்கும் ஆயுதமாகும்.