ஈறுக்கு வேப்பங்குச்சி, கறைக்கு?

காலையில் வேப்பங்குச்சி ஒடித்துப் பல் துலக்கும் வழக்கம் நம் தருமபுரிப் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. நல்ல வழக்கம்தான். நுனியை நன்றாக மென்று, நார் நாராக ஆனபிறகு மெதுவாகத் தேய்த்தால் பல் இடுக்கில் ஒட்டிய அழுக்குப் போகும். அழுக்குப் போனால் ஈறு வீக்கமும் குறையும். வெதுவெதுப்பான உப்பு நீரில் கொப்பளித்தால் ஈறு வலிக்கு இதமாக இருக்கும்.

கர்ப்பிணிகளுக்கு ஈறு வீங்கி ரத்தம் கசிவதுண்டு. அதற்குப் பயந்து பல் தேய்ப்பதை நிறுத்திவிடாதீர்கள். மெதுவாகத் தேயுங்கள். ஒரு வாரத்தில் கசிவு நிற்கவில்லையென்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள்.

ஒரு கிராமத்தில் நான் கண்டதைச் சொல்கிறேன். ஒரு தாய் தன் மகளின் பல்லைச் செங்கல்பொடியால் தேய்த்துக்கொண்டிருந்தார். ஈறெல்லாம் ரத்தம். "நாளைக்குப் பொண்ணு பார்க்க வர்றாங்க சார், இந்தப் பழுப்பு போகணுமே" என்றார்.

அந்தப் பழுப்பு அழுக்கு அல்ல. நம் மாவட்டத்தில் பல ஊர்களின் ஆழ்குழாய்க் கிணற்று நீரில் ஃபுளோரைடு என்ற உப்பு அதிகம். அதைக் குடித்து வளரும் குழந்தைக்குப் பல் உருவாகும்போதே கறை சேர்ந்துவிடுகிறது. எந்த வேரும் பட்டையும் அதை எடுக்காது. செங்கல்பொடியும் கரியும் பல்லின் மேல்பூச்சைத் தேய்த்துவிடும்; கடைசியில் பல்கூச்சம்தான் மிஞ்சும். பல் டாக்டரால் கறையை ஓரளவு மறைக்க முடியும்.

வராமல் தடுப்பதுதான் வழி. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு உள்ள நீர் குடிக்க ஆகாது. காய்ச்சினாலும் அது போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அளவு கூடத்தான் செய்யும். இதற்காகவே 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. குடிக்கவும் சமைக்கவும் அந்தக் காவிரித் தண்ணீரையே வையுங்கள். போர் தண்ணீர் துவைக்க, கழுவ இருக்கட்டும். கர்ப்பிணிகளுக்கும் எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் இது மிக முக்கியம்.

கணவன்மார்களே, குடம் சுமப்பது உங்கள் வேலையும்தான். மருமகள் தேடும் பெரியவர்களே, பல் பழுப்பென்று ஒரு பெண்ணைத் தள்ளாதீர்கள். அது அவள் குடித்த தண்ணீரின் குறை. அவள் குறை அல்ல. அவள் பிள்ளைக்கு நல்ல தண்ணீர் கொடுங்கள், பல் வெண்மையாகவே முளைக்கும்.